பிரஷர் இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"டொக்டர், அம்மாவுக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகப் பிரஷர் இருக்கிறது. போன வருடக் கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி, கால் இரண்டும் வீங்கிவிட்டன. எக்கோ எடுத்துப் பார்த்து 'ஹார்ட் வீக், 35 வீதம்தான்' என்றார்கள். எனலப்ரில், ப்ருசமைட், ஸ்பைரனோலக்டோன் மூன்றும் கிளினிக்கில் தருகிறார்கள். இப்போது வீக்கம் வற்றி, பிரஷரும் 110/70 என்று வடிவாக இருக்கிறது. அப்படியென்றால் எனலப்ரிலை நிறுத்தலாம்தானே? மூன்று கிழமையாக ஒரே வறட்டு இருமல். அதிமதுரம் அவித்துக் கொடுக்கிறேன், குறைவதாக இல்லை. முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறார். டொரொன்டோவில் இருக்கும் அக்கா, இது பாம்பு விஷத்திலிருந்து வந்த மருந்து, கிட்னியைப் பழுதாக்கும், நிறுத்து, நான் அங்கிருந்து புது மருந்து அனுப்புகிறேன் என்கிறா. இன்னொன்று, அண்ணிக்கும் போன கிழமை 150/100 காட்டியது. அம்மாவின் குளிசையில் ஒன்றை அவவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு கதைப்போம். எனலப்ரிலை நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்றைக்கே நிறுத்த வேண்டியவை வேறு இரண்டு இருக்கின்றன: டைக்ளோபெனக், அதிமதுரம்.

பன்னிரண்டு வருடமாக "பிரஷர் குளிசை" என்ற பெயரிலேயே பழகிவிட்டதால், பிரஷர் இறங்கினால் குளிசையின் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்புதான். கிளினிக்கில் இந்தக் கேள்வியை ஓயாமல் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அம்மாவும் இப்படித்தான், பிரஷர் சரியாகிவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு ஓர் இரவு அவரைக் கூட்டிவந்தார்கள். படுக்க முடியவில்லை, கட்டிலின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தபடி இருந்தார், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சு இல்லை. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் ஐந்து செக்கன் அழுத்திவிட்டு எடுத்தேன், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. அவர் தப்பிவிட்டார். ஆனால் அந்த இரவு தேவையே இல்லாத ஓர் இரவு, அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எக்கோ என்ற இதய ஸ்கானில் சொன்ன 35 என்ற எண்ணைப் பற்றி முதலில். இதயத்தின் இடப் பக்க அறை நிரம்பும்போது அதில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை வீதத்தை ஓர் அடியில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயமும் நூறு வீதம் தள்ளுவதில்லை, 55 அல்லது 60 தள்ளினாலே அது சுகமான இதயம். ஆகவே 35 என்றவுடன் "மிச்சம் 65 செத்துவிட்டது" என்று யாரும் பயப்பட வேண்டாம். "ஹார்ட் ஃபெயிலியர்" என்ற பெயரும் அப்படித்தான், இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்புக்குத் தேவையான அளவுக்குத் தள்ள முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான். அம்மாவின் கதையில், வருடக்கணக்காக உயர்ந்த பிரஷருக்கு எதிராகத் தள்ளித் தள்ளியே இதயத் தசை களைத்துப்போயிருக்கலாம்.

இனி, இந்தக் குளிசை எங்கே வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதயம் குறைவாகத் தள்ளினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். சிறுநீரகத்துக்கு இதயம் களைத்தது தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் வந்து சேரும் ரத்தம் குறைந்துவிட்டது என்பது மட்டும்தான். காயம் பட்டு ரத்தம் போகிறதோ, வயிற்றோட்டத்தில் தண்ணீர் வற்றிவிட்டதோ என்று எடுத்துக்கொண்டு, உடம்பைக் காப்பாற்றவென்று ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. ஈரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டி "அஞ்சியோடென்சின் ஒன்று" என்ற பொருளாக்கும். அது தன் பாட்டில் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதை "அஞ்சியோடென்சின் இரண்டு" என்ற பொருளாக மாற்றுவது ஏ.சி.ஈ. என்ற நொதியம், நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் நிறைய இருக்கிறது. இந்த இரண்டாவது ஆள்தான் முழு ஆர்ப்பாட்டத்தையும் செய்பவர்: ரத்தக்குழாய்களை இறுக்குவார், அல்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோனைக் கிளப்பி உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைப்பார், தாகத்தையும் கூட்டுவார். உண்மையில் ரத்தம் போகிற ஒருவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. களைத்த இதயத்துக்கோ இதுவே பெரிய தண்டனை.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் கைவண்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே களைத்துப்போன ஒருவரின் வண்டியில் இன்னும் நாலு மூட்டை சீனியை ஏற்றி, இரண்டு பக்கமும் கடைச் சாமான் நெருக்கும் குறுக்குத் தெருவால் போ என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? கூடிய உப்பும் தண்ணீரும் அந்த மூட்டைகள், இறுகிய ரத்தக்குழாய் அந்தக் குறுக்குத் தெரு. எனலப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில், ரமிப்ரில் என்று "ப்ரில்" என முடியும் மருந்துகள் எல்லாம் அந்த ஏ.சி.ஈ. நொதியத்தைத் தடுப்பவை. தெரு அகலமாகும், மூட்டையும் குறையும். பிரஷர் மட்டும் உள்ளவருக்கும் இதே வழியில்தான் பிரஷர் இறங்குகிறது. ஆனால் இதயம் களைத்தவருக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. அஞ்சியோடென்சின் இரண்டு நாட்பட நாட்படத் தசையைத் தடிப்பாக்கி, தழும்பு போல நாரேற்றி, இதய அறை ஊதிப் பெருக்கவும் காரணமாகிறது. மருந்து அதை மெதுவாக்குகிறது, சிலரில் இதயத்தின் அளவும் வேலையும் ஓரளவு திரும்பியும் வருகின்றன. இந்த வேலை பிரஷர் மெஷினில் தெரியாது, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடப்பது.

எவ்வளவு பலன் என்று கேட்டால், 1987 இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் மிகக் கடுமையான இதயக் களைப்புள்ள 253 பேரில் நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 44 பேர் இறந்தார்கள், எனலப்ரில் எடுத்தவர்களில் 26 பேர். அவர்கள் அம்மாவைவிட எவ்வளவோ மோசமான நிலையில் இருந்தவர்கள், அந்த எண்ணை அப்படியே அம்மாவுக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் ஒரு சின்னக் குளிசை இவ்வளவு செய்யும் என்று காட்டிய ஆய்வு அது, அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையில்தான் சொல்லின.

ஆகவே 110/70 நல்ல செய்தி. தலைசுற்று, மயக்கம், சோர்வு இல்லாவிட்டால் அதைப் பார்த்து மருந்தைக் குறைக்க மாட்டோம், கூட்டத்தான் யோசிப்போம். 2.5 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து, உடம்பு தாங்கும் வரை 10 அல்லது 20 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தரம் என்ற அளவுக்குப் போவதுதான் நோக்கம். அடுத்த கிளினிக்கில் டோஸைக் கூட்டினால் "பிரஷர் குறைவாக இருக்கும்போது ஏன் கூட்டுகிறார்கள்" என்று பதற வேண்டாம். காலையில் எழும்பும்போது ஒரு நிமிடம் கட்டிலில் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால், அல்லது மேல் எண் 90க்குக் கீழே போனால், கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இருமல். இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை.

ஒன்று, மருந்தேதான். ஏ.சி.ஈ. நொதியத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு, பிரடிகைனின் என்ற பொருளை உடைத்து அகற்றுவது. நொதியத்தைத் தடுத்தால் பிரடிகைனின் தேங்கும். தேங்கினால் ரத்தக்குழாய் இன்னும் தளரும், அது நல்லது. ஆனால் தொண்டையையும் சுவாசக் குழாயையும் அது கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல அரித்துக்கொண்டே இருக்கும். சளி இல்லாத, விடாத வறட்டு இருமல் இப்படித்தான் வருகிறது, பத்தில் ஒருவருக்காவது வரும் என்று வைத்துக்கொள்ளலாம், பெண்களில் கொஞ்சம் கூட. தொடங்கிய அன்றே வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். எந்தச் சிரப்பும் கொத்தமல்லிக் குடிநீரும் இதை நிறுத்தாது. மருந்தை மாற்றினால்தான் நிற்கும், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும்.

மற்றது, நுரையீரலில் திரும்பவும் தண்ணீர் சேர்வது. அந்த இருமல் படுத்தால் கூடும், எழும்பி இருந்தால் குறையும். இரவில் மூச்சு முட்டி விழித்துக்கொள்வார். முன்பு ஒரு தலையணையோடு படுத்தவர் இப்போது மூன்று கேட்பார். நிறை ஏறும். இது இருக்கும்போது எனலப்ரிலை நிறுத்தினால், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோலத்தான்.

எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நாளைக் காலையிலிருந்து, அம்மா எழும்பிச் சலம் போய்விட்டு, சாப்பிட முதல், ஒரே தராசில், ஒரே மாதிரி மெல்லிய உடுப்போடு நிறை பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டில் வந்த நிறை இல்லை, தண்ணீர். கணுக்காலை அழுத்திப் பாருங்கள், எத்தனை தலையணை என்று கேளுங்கள். நிறை ஏறுகிறது, படுத்தால் இருமல் கூடுகிறது என்றால் அன்றே காட்ட வேண்டும். நிறை அசையவில்லை, படிக்கட்டில் மூச்சு வாங்கவில்லை, பகலிலும் இரவிலும் ஒரே மாதிரி வறண்ட இருமல் என்றால் மருந்தின்மீது சந்தேகம் கூடும். அப்போதும் நிறுத்தாமல், இந்தக் கிழமைக்குள் போய், "எனலப்ரில் தொடங்கிய பிறகுதான் இந்த இருமல், இரவில் நித்திரை இல்லை" என்று அதே சொல்லில் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள், குறிப்பாக அம்மாமார், டொக்டருக்கு முன்னால் இருந்து "சுகம்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து இருமுவார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய இருமல் இல்லை இது. லொசார்டன், வல்சார்டன், கண்டிசார்டன் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. அவை நொதியத்தைத் தொடாமல், அஞ்சியோடென்சின் இரண்டு போய்ப் பிடிக்கும் இடத்தை அடைப்பவை. பிரடிகைனின் தேங்காது, இருமல் அநேகமாக வராது, இதயத்துக்கான பாதுகாப்பும் கையை விட்டுப் போகாது.

அதிமதுரத்தை ஏன் நிறுத்தச் சொன்னேன்? நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறீர்கள், சாதாரணத் தடிமன் இருமலுக்கு நானும் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் அதற்கு அந்த இனிப்பைக் கொடுக்கும் கிளிசிரைசின் என்ற பொருள், உடம்பில் அல்டோஸ்டெரோன் கூடியதுபோலவே வேலை செய்யும்: உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மூன்று மருந்தும் சேர்ந்து வெளியே அனுப்பப் பார்க்கும் தண்ணீரை ஒரு கோப்பைக் குடிநீர் திரும்ப உள்ளே பிடித்து வைக்கிறது. தடிமனுக்கு விற்கும் மூலிகைப் பக்கற்றுகள் சிலவற்றிலும் அதிமதுரம் இருக்கும், வாங்கும்போது பின்பக்கத்தை வாசியுங்கள். வெறும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அளவாக என்றால் பரவாயில்லை.

டைக்ளோபெனக் அதைவிடப் பெரிய விஷயம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். கிட்னி பழுதாகும் என்று அக்கா எனலப்ரிலைப் பார்த்துப் பயப்படுகிறா, பயப்பட வேண்டியது இந்த நோக் குளிசைக்கு. சிறுநீரகத்தின் வடிக்கும் முடிச்சுக்குள் ரத்தம் வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. எனலப்ரில் போகும் வழியைத் தளர்த்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. சலத்தில் புரதம் போகும் நீரிழிவுக்காரருக்கு இதே காரணத்தால்தான் கிட்னியைக் காப்பாற்றவென்றே இந்த மருந்தைக் கொடுக்கிறோம். டைக்ளோபெனக், இபுபுரூபன் வகையோ வரும் வழியைச் சுருக்குகிறது. ப்ருசமைட் தண்ணீரையும் குறைத்து வைத்திருக்கும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிப்பதற்கு அழுத்தமே இல்லாமல் போய், சில நாளிலேயே சிறுநீரகம் முடங்கலாம். அதோடு இந்த நோக் குளிசைகள் தாங்களாகவும் உப்பைப் பிடித்து வைத்து இதயக் களைப்பைக் கூட்டுபவை. பாமசிக்காரர் கேட்காமல் தருகிறார் என்பதற்காக அது சின்ன மருந்து என்று ஆகிவிடாது. முழங்காலுக்குப் பரசிட்டமோல் போதுமான அளவில் கொடுக்கலாம், கரையும் குளிசை வேண்டாம், அதில் உப்பு அதிகம். சுடுநீர் ஒத்தடமும் தொடைத் தசைக்கான பயிற்சியும் உண்மையாகவே உதவும், பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எனலப்ரில் தொடங்கினாலோ கூட்டினாலோ ஒன்றிரண்டு கிழமைக்குள் ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வடிக்கிறது என்று காட்டும் கிரியட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியட்டினின் கொஞ்சம் ஏறும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம்தான். முன்பு இருந்ததைவிட 30 வீதம் வரை ஏறினால் பொதுவாக விட்டுவிடுவோம், அதற்கு மேல் என்றால் காரணம் தேடுவோம். பொட்டாசியம் இன்னும் கவனம், ஏனென்றால் எனலப்ரிலும் ஸ்பைரனோலக்டோனும் இரண்டுமே அதை உடம்பில் தங்க வைப்பவை, மிகவும் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். காலி வீதி ஓரத்தில் குவித்து விற்கும் செவ்விளநீரை உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் வாங்கிக் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் தாராளம். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதும் வேண்டாம், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைத்தான் போட்டிருப்பார்கள். சாதாரண உப்பையே குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், சூப் கட்டி, பேக்கரிச் சாமான் இவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் கேட்டு எடுப்பியுங்கள்.

சத்தி, வயிற்றோட்டம், சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் கதை வேறு. உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் எனலப்ரிலும் ப்ருசமைட்டும் ஸ்பைரனோலக்டோனும் வழக்கம்போலப் போட்டால் பிரஷர் கிடுகிடுவென்று விழும், அப்போது சில நாள் நிறுத்தி வைப்பதுண்டு. அன்றைக்கே டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். கொழும்பில் டெங்கு இல்லாத மாதம் இல்லை, காய்ச்சலோடு எங்கே போனாலும் முதல் வசனமே "ஹார்ட்டுக்கும் பிரஷருக்கும் இந்த மருந்துகள் எடுக்கிறார்" என்பதாக இருக்கட்டும்.

பாம்பு விஷக் கதையில் உண்மை இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. பிரேசிலில் ஜராரக்கா என்ற குழிவிரியனின் விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா, பிரடிகைனினை உடையவிடாமல் காக்கும் பொருள் அதில் இருப்பதை 1965 இல் எழுதினார். லண்டனில் ஜோன் வேன் என்பவரின் ஆய்வுகூடத்துக்கு அதைக் கொண்டுபோனார். பிறகு அமெரிக்காவில் குஷ்மன், ஒன்டெட்டி இருவரும், விஷம் அந்த நொதியத்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் சின்ன மூலக்கூறு ஒன்றைத் தாங்களே வடிவமைத்துச் செய்தார்கள். அதுதான் கப்டோப்ரில், 1981 இல் அங்கே அனுமதி கிடைத்தது. எனலப்ரில் அதற்குப் பிறகு வந்தது. குளிசைக்குள் விஷம் ஒரு துளியும் இல்லை, முழுக்கத் தொழிற்சாலையில் செய்வது.

அக்கா அனுப்புகிறேன் என்ற "புது மருந்து" சக்குபிட்ரில், வல்சார்டன் சேர்ந்த குளிசை என்றால், நல்ல மருந்துதான், இங்கும் டொக்டர்மார் எழுதுகிறார்கள். ஆனால் அதையும் எனலப்ரிலையும் ஒருபோதும் ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்றை நிறுத்தி 36 மணித்தியாலம் முழுதாகப் போன பிறகுதான் மற்றதைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் ஆபத்து இருக்கிறது. அந்த வீக்கம் எனலப்ரிலோடு மட்டும்கூட வெகு சிலருக்கு வருவதுண்டு, வருடக்கணக்காக ஒன்றும் இல்லாமல் எடுத்தவருக்கும் திடீரென்று வரலாம். உதடோ நாக்கோ வீங்குவதைக் கண்டால் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அடுத்த குளிசையைக் கொடுக்க வேண்டாம், அதற்குப் பிறகு "ப்ரில்" என்று முடியும் எந்த மருந்தும் வாழ்நாளில் வேண்டாம் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவிக்க வேண்டும். பார்சல் வந்தால் அலுமாரியில் வைத்துவிட்டு, கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், பாமசியில் வாங்கியது, ஆயுர்வேதம், விற்றமின், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். நான் பார்த்த வரையில் பிரச்சினை அநேகமாகக் கொப்பியில் எழுதாத மருந்தில்தான் இருக்கும்.

கடைசியாக அண்ணி. கொடுக்க வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம். அவவின் வயதை நீங்கள் எழுதவில்லை, பிள்ளை பெறும் வயது என்றால் இது இன்னும் முக்கியம். கர்ப்பமாக இருக்கும்போது, அதுவும் நாலாம் மாதத்துக்குப் பிறகு, இந்த மருந்து போனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகம் வளராமல் போகும், பன்னீர்க்குடத்துத் தண்ணீர் வற்றும், பிள்ளை தப்பாமலும் போகலாம். லொசார்டன் வகைக்கும் இதே விதிதான். ஒரு தரம் 150/100 காட்டியதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து, கதைக்காமல், தேத்தண்ணீர் குடித்து அரை மணித்தியாலமாவது ஆன பிறகு, காலையும் மாலையும் ஒரு கிழமைக்குப் பார்த்து எழுதிக்கொண்டு டொக்டரிடம் போகட்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஒரு கிழமை காக்க வேண்டாம், நாளைக்கே போகச் சொல்லுங்கள். அம்மாவின் ஒரு கிழமை நிறையையும் அந்த ரத்தப் பரிசோதனை முடிவையும் எனக்கு எழுதுங்கள்.